மாடுகளுக்குக் காட்டிய பலகை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. நிலம் விளைநிலமாகவே இருக்கும் என்று காப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்த பண்ணைகளை வருடத்துக்கு ஒருமுறை எல்லை சுற்றிப் பார்த்து வருவது பென்சில்வேனியாவில் எங்கள் ஊராட்சியில் என் வேலை. விளைநிலத்தில் யாராவது வீடு கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கட்டியிருக்க மாட்டார்கள். சுற்றி நடந்துவிட்டு, கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப் போன ஓரிடத்தில், ரோட்டோரம் நிற்க வேண்டிய ஊராட்சிப் பலகை, தொழுவச் சுவரில் மாடுகளைப் பார்த்தபடி மாட்டியிருந்தது. ‘இந்த நிலம் என்றென்றும் விளைநிலம்.’ மாடுகள் அதைப் படித்துக்கொண்டே அசைபோட்டன. (படித்துக்கொண்டே என்பது என் கைச்சரக்கு.)

ஏன் இங்கே என்று கேட்டேன். பண்ணைக்காரர் காதைச் சொறிந்துகொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பதில் கிடைத்திருந்தால் நான் கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘பென்சில்வேனியாவின் பச்சைப் போர்வை போர்த்திய மேடுகளின் மீது கதிரவன் தன் பொற்…’ அடித்துவிட்டேன். போர்வைக்கடியில் சோளம் விளையாது.

இரண்டாம் தொடக்கம்: ‘நம் விளைநிலங்கள் எவ்வளவு வேகமாக வீடுகளாகி வருகின்றன என்பதை நாம்…’ இது எங்கள் ஊராட்சித் தலைவர் லோயிஸ் கூட்டத்தில் பேசுவது. அவரே பேசிக்கொள்ளட்டும்.

மூன்றாவது: ஐவன் சென்செனிக் கையெழுத்துப் போட்டார். போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

இதுவே இருக்கட்டும்.

3

ஐவனுக்கு வயது அறுபதை ஒட்டி. ரப்பர் டயர் கூடாதென்று இரும்புச் சக்கர டிராக்டர் ஓட்டுகிற, எளிமையே நெறியான மென்னோனைட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர். அவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் சாரம் எளிது. நிலம் அவருடையதுதான். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதில் வீடு கட்டுகிற உரிமையை மட்டும் ஊராட்சிக்கு விற்றுவிட்டார். இனி அவரும் கட்ட முடியாது, அவருக்குப் பின் வாங்குகிறவரும் கட்ட முடியாது.

“ரோட்டோரமா நடுங்க ஐவன், போறவங்க வர்றவங்க பாக்கட்டும்” என்று பலகையைக் கையில் கொடுத்தார் லோயிஸ்.

ஐவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய சபையில் தற்பெருமைதான் எல்லாப் பாவங்களுக்கும் மூத்தது. கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘நான் நல்ல காரியம் செய்தேன்’ என்று வாசலில் பலகை நட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு போய் உட்காருவது? ஊராட்சி கொடுத்ததைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. தொழுவத்தில் மாட்டினார்.

“இங்க எதுக்கு?” என்றாள் மனைவி வெர்னா.

“இதுங்க யார்கிட்டயும் சொல்லாது.”

“நல்லாருக்கு. கிளேர்கிட்டயாவது போய்ச் சொல்லிட்டு வா. அவன் உன்னைப் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருக்கான்?”

4

கிளேர் நோல்ட், அடுத்த பண்ணைக்காரர். அதே சபைக்காரர், ஐவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழர். போன சோள அறுப்பின்போது வேலியருகே நின்று சொல்லியிருந்தார்: “நீ பத்திரம் போட்டா நானும் போடுறேன். நீ வித்துட்டுப் போனா நான் மட்டும் வீடுங்களுக்கு நடுவுல என்ன பண்ண? வயலுக்கு எரு அடிச்சா மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவானுங்க.”

ஐவன் போகவில்லை. ‘நான் போட்டுவிட்டேன்’ என்று போய் நின்றால், ‘நீ எப்போது?’ என்று கழுத்தில் துண்டைப் போட்டதாகிவிடும் என்று நினைத்தார். அடுத்தவன் நிலத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

[ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று உங்களுக்கு எரிச்சல் வருகிறது. எனக்கும்தான். சொல்ல வைத்துப் பார்த்தேன்: ‘ஐவன் வேலியருகே போய், “கிளேர், நான் வந்து…” ’ வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. மனிதர் மழைப் பேச்சுக்குப் போய்விட்டார்.]

5

பத்திரத்துக்காக ஊராட்சி அனுப்பிய அளவைக்காரர்கள் எல்லை நெடுக ஆரஞ்சு நாடா கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நிலத்தைக் காப்பதற்கு அளந்தாலும் மனை போடுவதற்கு அளந்தாலும் குச்சி ஒன்றுதான், நாடாவும் ஒன்றுதான். கிளேர் குச்சிகளைப் பார்த்தார். ரோட்டோரம் பலகை வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஐவனும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. சரி, விற்றுவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டார். போய்க் கேட்கவில்லை. அந்த எழுதாத சட்டம் அவருக்கும் உண்டே. மகன்கள் நியூயார்க் மாநிலத்தில் நிலம் மலிவு என்று போய்விட்டார்கள். முழங்கால்கள் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. விற்க மனமே இல்லாமல், நிலம் வாங்கி வீடு கட்டி விற்கிற வீட்டுமனைக்காரரைக் கூப்பிட்டார்.

ஒரு காலையில் கிளேரின் வயலில் இயந்திரம் ஒன்று குழி வெட்டுவதை ஐவன் பார்த்தார். குழியில் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு வேகமாக மண்ணில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழிவுத் தொட்டி வைக்க ஏற்ற மண்தானா என்று தெரிந்துகொள்ள. அந்தக் குழியைப் பார்த்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீடு வருகிறது என்று பொருள்.

6

இங்கே வீட்டுமனைக்காரர் வர வேண்டும். முதல் வரைவில் அவருக்குத் தங்கக் கடிகாரம் மாட்டிவிட்டேன். கழற்றினேன். அடுத்த வரைவில் நல்லவராக்கி ஒரு நாய்க்குட்டியைத் தடவ வைத்தேன். அதுவும் பொய்யாக இருந்தது. கட்டுவது அவர் தொழில். வீடில்லாதவர்களுக்கு வீடு வேண்டும் என்பதும் உண்மை. எவ்வளவு முயன்றும் முகம் அமையவில்லை. காலியாகவே விடுகிறேன், இடம் இருக்கட்டும்.

7

ஐவன் கிளேரின் அடுக்களைக்குப் போனார். கிளேர், பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டைகளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“மழை வரும்போல” என்றார் ஐவன்.

“வரும்.”

“என் தொழுவத்துல ஒண்ணு இருக்கு. வந்து பாரேன்.”

“கன்னு போட்டுருச்சா?”

“வாயேன்.”

கிளேர் தொழுவ வாசலில் நின்று பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“யாருக்குடா மாட்டி வச்சிருக்க? இதுங்களா வீடு கட்டப் போகுதுங்க?”

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“குச்சியப் பாத்தேன். நீ வித்துட்டன்னு நெனச்சேன்.”

“என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“நீ சொல்லியிருக்கலாம்ல?”

இரண்டு பேரும் மாடுகளைப் பார்த்தார்கள்.

“கையெழுத்துப் போட்டுட்டியா?” என்றார் ஐவன்.

“இல்ல. நாளைக்குக் காலைல காகிதத்தோட வர்றாரு. ஆனா கை குடுத்துட்டேன், ஐவன்.”

8

(கை கொடுப்பது பற்றி ஓர் அடிக்குறிப்பு. அடியில் போட்டால் படிக்க மாட்டீர்கள், இங்கேயே போடுகிறேன். இந்தச் சபையார் சத்தியம் செய்ய மாட்டார்கள், கோர்ட்டில்கூட. ஆம் என்றால் ஆம். பேரம் பேசிக் கை கொடுத்துவிட்டால் அதுதான் பத்திரம். வக்கீலைக் கேட்டால் அது செல்லாது என்பார். கிளேர் வக்கீலைக் கேட்கிற ஆள் இல்லை.)

முடிவு அ: கிளேர் வார்த்தை தவறுகிறார். நிலம் பிழைத்துக்கொள்கிறது. கிளேர் சபைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்.

முடிவு ஆ: கிளேர் வார்த்தையைக் காப்பாற்றுகிறார். ஐவன் மிச்ச வாழ்நாள் முழுக்க யார் வீட்டு ஜன்னல்களையோ பார்த்தபடி பால் கறக்கிறார்.

இரண்டையும் முழுதாக எழுதினேன். இரண்டிலும் ஐவன் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபம்கூட இல்லை, வருத்தம். எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, நான் யோசிக்காத ஒன்றை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“குடுத்தவன் பின்வாங்கக் கூடாது, சரி. வாங்கினவர் விட்டுக் குடுக்கலாம்ல? கேட்டுப் பாப்போம். நானே கேக்குறேன். வாயத் தொறக்காதவன் நான்தான?”

“நீயா? சந்தையில மாட்டு விலை கேக்கவே வெர்னாவ அனுப்புற ஆளு.”

“கேக்குறேன்னு சொன்னேன்ல.”

9

மறுநாள் காலை. கிளேரின் பண்ணைப் பாதை ரோட்டில் சேருமிடத்தில் இருவரும் நிற்கிறார்கள். ஐவன் பலகையைத் தொழுவத்திலிருந்து கழற்றி எடுத்து வந்திருக்கிறார். பேச்சு தடுமாறினால் காட்டலாம் என்று. ஓரத்தில் சாணி காய்ந்திருக்கிறது. வண்டி வந்து நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது.

“ஐயா” என்கிறார் ஐவன். பலகையைத் தூக்கிக் காட்டுகிறார். “இவன் குடுத்த கையில பாதித் தப்பு என்னோடது. நான் இந்தப் பலகைய ரோட்டுல நட்டிருந்தா இவன் உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டான். கூச்சப்பட்டு மாடுங்களுக்குக் காட்டிக்கிட்டு இருந்துட்டேன். இவன் வார்த்தை மீற மாட்டான். நீங்க வேணும்னா இப்பவே கையெழுத்துப் போட்டுருவான். நீங்களா விட்டாத்தான் உண்டு. விட்டுக் குடுங்க.”

அவர் வாழ்க்கையில் வெளியாளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

கிளேர் கையை நீட்டுகிறார். கொடுத்த அதே வலது கை; விட்டுக் கொடுப்பதானாலும் அதைப் பிடித்துத்தான் விட வேண்டும்.

முகம் ஒன்றைக் காலியாக விட்டேன் அல்லவா? அது உங்களுக்குத்தான். வண்டியில் உட்கார்ந்திருப்பது நீங்கள். பக்கத்து இருக்கையில் காகிதங்கள் இருக்கின்றன. குழி வெட்டியது உங்கள் செலவு. குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டுக்குக் காத்திருக்கிற குடும்பங்கள் உங்களைத்தான் நம்பியிருக்கின்றன; அவர்களும் நல்லவர்களே. நான் உங்களுக்கு எதையும் சொல்லித் தர மாட்டேன்.

தூறல் பிடித்துக்கொண்டது. ஐவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளேரின் கை நனைகிறது. நீங்கள் இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை.