யூலிற்றாவின் இரண்டாவது கால்

யூலிற்றாவுக்கு நாற்பது வயது. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போடுகிறவள். குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, கிளினிக்கில் தாதி சொல்லித்தான் மாதர் சங்கக் கட்டடத்தில் பின்னேரங்களில் நடக்கும் யோகாசன வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். மகளின் பழைய காற்சட்டையும் மேலே ஒரு நீளச் சட்டையுமாக முதல் நாள் போனவள், வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள். வகுப்பெடுக்கிற கஜேந்தினி, நெளுக்குளத்துப் பிள்ளை, ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாம் மாதம் இடுப்பு நோ போய்விட்டது. யூலிற்றா வகுப்பை விடவில்லை. உடம்பு சொன்ன சொல் கேட்கிறது என்பதே அவளுக்குப் புதினமாக இருந்தது. நின்று செய்வது, இருந்து செய்வது, குப்புறப் படுத்து வில்லாக வளைவது எல்லாம் வந்தன. எட்டாம் மாதம் கஜேந்தினி சிரசாசனம் சொல்லிக் கொடுத்தாள்.

முழங்கைகளை நிலத்தில் ஊன்றி, விரல்களைக் கோத்து, உச்சந்தலையை அதற்குள் வைக்க வேண்டும். இடுப்பை உயர்த்திக் கால்களைத் தலையை நோக்கி நடத்திக்கொண்டு வர வேண்டும். பிறகு ஒரு கால், அதன்பின் மற்றக் கால். சுவர் பக்கத்திலேயே இருக்கும், விழ வழியில்லை. யூலிற்றாவின் வலது கால் உடனே கிளம்பியது. இடது காலின் பெருவிரல் மட்டும் பசை போட்டு ஒட்டினதுபோல நிலத்தை விடவில்லை. அது கிளம்பப் போகிற அந்தக் கணத்தில் நெஞ்சு இறுகும், காது அடைக்கும். அடுத்த நொடி அவள் பாயில் சரிந்து கிடப்பாள்.

அவளைவிடப் பத்து வயது மூத்த ஜொஹறா இரண்டாம் கிழமையே சிரசாசனத்தில் நின்றுவிட்டாள். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தலைகீழாக நின்றபடி சிரிக்கவும் சிரித்தாள்.

"எனக்குக் கழுத்து நோகுது" என்றாள் யூலிற்றா.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு கஜேந்தினி பக்கத்தில் வந்து இருந்தாள். "அக்கா, கழுத்து நோ எண்டால் நான் செய்யவே விடமாட்டன். உங்களுக்குக் கழுத்து நோகேல்லை. என்னவோ பயம்."

"எனக்கோ? பயமோ?"

"இது செய்தாத்தான் யோகா எண்டில்லை. விடுங்கோ."

அந்த 'விடுங்கோ'தான் அவளுக்குக் குத்தியது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்று தரம் வீடு கட்டினவள். ஒரு கால்விரலிடம் தோற்பதோ?

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் வீட்டில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுச் சுவரோடு பாயை விரித்தாள். ஒரு நாள், கடல் தொழிலால் வந்து தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்ற புருசன் கொலின்ஸ், மனுசி நாலு தரம் கிளம்பி நாலு தரம் சரிவதைப் பார்த்தான்.

"பொறு, நான் பிடிக்கிறன்" என்று கோப்பையை வைத்துவிட்டு வந்து, அவளுடைய இடது கணுக்காலைப் பிடித்து மேலே தூக்கினான்.

யூலிற்றா உதைத்தாள். குதிக்கால் அவன் வாயில் பட்டு உதடு வெடித்தது. அவள் சுவரோடு சுருண்டு போய், இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"காலைப் பிடிக்காதேங்கோ" என்றாள். "காலை மட்டும் பிடிக்காதேங்கோ."

கொலின்ஸ் சாரத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் தப்பினாள், தாய் தப்பவில்லை என்பது கொலின்ஸுக்குத் தெரியும். அவன் அப்போது பளைப் பக்கம் களப்பில் தொழில் செய்தவன், அந்த அலையைக் காணாதவன். கலியாணம் பேசி வந்தபோதே சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவன் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

"தண்ணி என்னைச் சுத்திச் சுத்திப் பிரட்டினது. எது மேல, எது கீழ எண்டு தெரியேல்லை. மேல போறன் எண்டு நினைச்சு முழுப் பலத்தோட நீந்தினனான். கை மண்ணில முட்டினது." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வலைத்துண்டு ஒண்டு காலில சுத்திக்கிடந்து இழுத்துது. எப்பிடி வெளிய வந்தன் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

கொலின்ஸ் எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, முதலில் இருந்த இடத்திலேயே இருந்தான்.

"தண்ணிக்குள்ள மூச்சை என்ன செய்தனீ?"

"அடக்கினன். வேற என்ன செய்யிறது?"

"இப்பவும் அதைத்தான் செய்யிறாய். கால் கிளம்பப் போகேக்க வாயை இறுக்கி மூடுறாய். நான் பாத்தனான்."

"ரீச்சரும் மூச்சு விடுங்கோ எண்டுதான் சொல்லுறா. சொன்னா வருதே?"

அவன் யோசித்தான். "கதைச்சுக்கொண்டு செய்" என்றான் பிறகு. "தண்ணிக்குள்ள ஒருத்தராலயும் கதைக்கேலாது. கதைக்கிறாய் எண்டால் வெளியில நிக்கிறாய்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"உனக்கோ கதைக்குப் பஞ்சம்?"

அடுத்த நாள் அவள் செபம் சொல்லிப் பார்த்தாள். அருள் நிறைந்த மரியாயே என்று தொடங்கியதும் அந்த ஞாயிறே திரும்பி வந்தது, ஏனென்றால் தண்ணீருக்குள் அவள் மனதுக்குள் சொன்னதும் அதுதான். அதற்கடுத்த நாள் ஆயிரத்திலிருந்து பின்பக்கமாக எண்ணினாள். கால் கிளம்புகிற நேரம் எண் மறந்து வாய் மூடிக்கொண்டது. கொலின்ஸ் இரண்டு நாளும் தேத்தண்ணியோடு ஒரு முழத் தூரத்தில் இருந்து பார்த்தான். கையை மடியிலேயே வைத்திருந்தான்.

மூன்றாம் நாள், அவள் தலையை ஊன்றி வலது காலைத் தூக்கிய நேரம், அவன் தன்பாட்டில் சொன்னான். "தங்கச்சி சொல்லுறாள், நீ காய்ச்சிற கூழுக்கு உப்புக் கூடவாம்."

"ஆர்? உங்கட தங்கச்சியோ?" என்றாள் யூலிற்றா நிலத்திலிருந்து. "போன பெரிய வெள்ளிக்கு வந்து நிண்டு மூண்டு கோப்பை குடிச்சது ஆர்? போகேக்க போத்திலிலயும் ஊத்திக்கொண்டு போனவள். அவள் காய்ச்சினால் கூழுக்குள்ள றாலைத் தேடித் தேடித்தான் பிடிக்க வேணும். ஒருக்கா அவளின்ர வீட்டில நான் கூழெண்டு நினைச்சுச் சுடுதண்ணி குடிச்சனான். ஏன் பேசாமல் இருக்கிறியள்? வேற என்ன சொன்னவள்?"

"ரெண்டு காலும் மேல நிக்குது" என்றான் கொலின்ஸ் மெதுவாக.

பயம் வந்தது. அது வருவதை அவள் உணர்ந்தாள்: காதுக்குள் அதே இரைச்சல், நெஞ்சுக்குள் அதே இறுக்கம். ஆனால் வாய் திறந்தபடிதான் இருந்தது. அதற்குள்ளால் காற்று போனது, வந்தது.

"சரி" என்றாள். "நிக்கட்டும்."

எட்டு மூச்சு நின்றாள். அவளுடைய முகத்துக்கு நேரே கொலின்ஸின் பாதங்கள் இருந்தன, தலைகீழாக. இத்தனை வருடத்தில் அவற்றை அவள் இவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை. "குதிக்கால் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு" என்றாள். "மருந்து பூசிறதில்லையோ?"

"இறங்கு. பிறகு பேசு."

இறங்கியதும் அவன் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவன் உதட்டுக் காயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி மெய்யாச் சொன்னவளோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றான் கொலின்ஸ். அவன் சிரிக்க, காயம் திரும்பவும் வெடித்தது.

அந்தப் பின்னேரமே வகுப்பில் அவள் தேங்காய் விற்கிற விலையைத் திட்டிக்கொண்டே மேலே போனாள். பக்கத்துப் பாயில் தலைகீழாக நின்ற ஜொஹறா, "அதானே" என்று பதில் சொன்னாள். வகுப்புக்குள் கதைக்கக்கூடாது என்று எந்த நாளும் சொல்லுகிற கஜேந்தினி, அன்றைக்கு யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது யூலிற்றாவுக்குப் பேசாமலே நிற்க வந்துவிட்டது. ஆனாலும் காலைகளில் கொலின்ஸ் கோப்பையோடு வந்து அதே இடத்தில் இருந்தான். அவள் நின்றபடி அவனுக்குத் தாயைப் பற்றிச் சொன்னாள், ஒவ்வொரு நாளும் கொஞ்சமாக: சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவது, கோயிலில் பாட்டை எல்லாருக்கும் முந்தித் தொடங்கிவிட்டு வெட்கப்படுவது. நேராக இருந்து சொல்ல இவ்வளவு வருடமும் அவளுக்கு வரவில்லை. கொலின்ஸ் கேட்டுக்கொண்டிருந்தான். சில நாள் தேத்தண்ணி ஆறிப்போனது.