மூன்றாவது மூட்டை

அந்தக் குட்டிக் காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்ய, வீட்டின் மூத்த மகள்தான் ஒரு வருடம் அதன் அடியில் கிடந்தாள். குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டு உயரத்தைக் குறைத்தாள். வளைவில் வண்டி சாயாமலிருக்கப் பின்னால் தடித்த கம்பி பொருத்தினாள்.

கடைசி வேலை, நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் ஏற்றிச் சமன்செய்வது. ஒரு கால் குட்டையான நாற்காலி ஆடுமல்லவா, அதே கதைதான். ஓட்டுபவரின் எடையும் கணக்கில் சேரவேண்டும் என்பதால், அவருடைய இருக்கையில் மணல் மூட்டைகளை வைப்பார்கள்.

பட்டறைக்காரர் மூன்றாவது மூட்டையையும் தூக்கி வைத்தார்.

"அண்ணே, நான் என்ன யானையா? எனக்கு ரெண்டே போதும்."

அவர் அருகில் நின்ற அவளுடைய அப்பாவைப் பார்த்தார். அப்பா தராசைப் பார்த்தார்.

"பந்தயத்துல தம்பி ஓட்டட்டும்மா."

"அவனுக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதேப்பா!"

"ஓட்டத் தெரிஞ்சா போதாதா? ரிப்பேர் பார்க்கத்தான் நீ இருக்கியே."

"உழைக்க ஒருத்தி, உட்கார ஒருத்தனா?"

அப்பா மூன்றாவது மூட்டையை இருக்கையில் நேராக நகர்த்தி வைத்தார்.

வேலையை அரைகுறையாக விட அவளுக்குக் கை வரவில்லை. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையங்களைத் தானே திருகி, மூன்று மூட்டைக்கும் சரியாகச் சமன்செய்தாள். இருவரும் வெளியே போனதும், மூட்டைகளை இறக்கிவிட்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

சமனாக நின்ற எண்கள் ஒவ்வொன்றாக விலகின. அவள் செய்த வண்டிக்கு அவள் எடை பொருந்தவில்லை.