சம்பளமில்லாத கைகள்

“ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் ஆள் கூட்டிட்டுப் போறீங்க. நம்ம ஆபீஸ் பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் செய்யக் கூடாதா மேடம்?”

எச்.ஆர். தலைவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கீழ்த்தளத்துக் குழந்தைகள் காப்பகத்தின் ஆயாவை மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்களாம். இனி ஊழியர்களே முறைவைத்துத் தன்னார்வமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்களாம். அதற்கான அழைப்பை நான் எழுத வேண்டுமாம். “நீங்க எழுதினா வராம இருப்பாங்களா?” என்று ஐஸ் வேறு வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நிறுவனத்தில் தன்னார்வப் பணி என்று ஒரு பிரிவே இருந்ததில்லை; நான் உண்டாக்கியது. ரத்ததானத்துக்கு ஆள் கேட்டு மாடி மாடியாக ஏறி, “வேற வேலை இல்லையா உனக்கு?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள். கெஞ்சி, கிண்டலடித்து, போட்டோ எடுத்து மாட்டி, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவுக்காரர்களைக்கூட முதியோர் இல்லத்தில் பாட வைத்தேன். அதனால்தான் இன்று எனக்கென்று ஓர் அறை, கதவில் பதவிப் பெயர். பட்ட பாடெல்லாம் ஓர் ஆயாவின் வயிற்றில் அடிக்கத்தானா?

அதுவும் எந்த ஆயா! என் மகளுக்குப் பல் முளைத்ததை எனக்கு முன்னால் பார்த்தவர். அவள் காய்ச்சலில் துவண்டபோது மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்தவர். அன்று நான் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன்.

என் இடத்துக்குத் திரும்பி வந்து எழுதினேன். மழுப்பவில்லை. ‘நம் ஆயாவை வேலையைவிட்டு எடுக்கிறார்கள். அவர் சம்பளத்துக்குச் செய்ததை நீங்கள் சும்மா செய்ய வேண்டுமாம். உங்களில் யாருக்கு மனசு வரும்?’ எல்லோருக்கும் அனுப்பினேன், எச்.ஆர். தலைவருக்கும்தான். என் வேலை போனால் போகட்டும். படித்துவிட்டு நாலு பேராவது கொதிக்க மாட்டார்களா?

காப்பகத்துக்கு இறங்கினேன். என் மகள் ஆயாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். விஷயம் அவருக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது; கண்கள் வீங்கியிருந்தன.

“எல்லாருக்கும் எழுதிட்டேன்க்கா. ஒண்ணையும் மறைக்கல.”

“உங்களுக்கு வம்பாயிடாதாம்மா?”

“ஆகட்டும்.”

கையிலிருந்த போன் அதிர்ந்தது. முதல் பதில். ‘ரொம்பக் கஷ்டமா இருக்கு. பாவம் ஆயா. என்னைப் புதன்கிழமை காலைக்குப் போட்டுக்கோங்க.’ அடுத்தது: ‘அவங்க மாதிரி வருமா? முடிஞ்சதைச் செய்றேன். வெள்ளி மதியம்.’ அதற்கடுத்தது அழும் முகம் ஒன்று, கூப்பிய கைகள், ‘நானும்.’ படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வருத்தப்பட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நான் பார்த்துப் பார்த்துப் பழக்கிய நல்லவர்கள். பாவிகள்!

போனைத் தரையில் ஓங்கி அடிக்கலாம் போலிருந்தது. அது அடங்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆயா எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது.

“இவ்ளோ பேரா?” முகம் மலர, குழந்தை விழித்துவிடாமல் மெல்லக் கேட்டார். “எல்லாம் எனக்காகவாம்மா?”