உறங்கும் கூலியாள், மதராஸ்

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ராஜேஸ்வரி ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தாள். அந்தக் காலத்து மதராஸ் தெருக்களில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சுற்றித் திரிந்து, முன்பின் தெரியாத ஆட்களை எடுத்த படங்களாம். அதில் ஒன்றைச் செல்லுக்கு அனுப்பி, "கையப் பாருப்பா" என்றாள்.

பிளாட்பாரத்தில் ஓர் ஆள் மல்லாந்து கிடக்கிறார். ஜனங்கள் விலகி நடக்கிறார்கள். அவர் முன்னங்கையில் 'செல்லக்கிளி' என்று பச்சை குத்தியிருக்கிறது. கீழே, 'உறங்கும் கூலியாள், மதராஸ், மார்ச் 1957'.

செல்லக்கிளி என் அம்மா. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, அதே வருஷம் தை மாதம், அவளுடைய அப்பா வெள்ளத்துரை அவள் பேரைக் கையில் பச்சை குத்திக்கொண்டு நரிக்குடியிலிருந்து மதராசுக்கு வேலை தேடிப் போனார். போனவர் போனவர்தான். அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று ஊர் பேசியது. அவர் பெண்டாட்டி சந்தனம்மாளும் அதை நம்பி, தாலியைக் கழற்றாமல், சாகும்வரை அவரைத் திட்டித் தீர்த்தாள். சுமங்கலி என்று மஞ்சள் குங்குமத்தோடு அனுப்பிவைத்தோம். 'என்னையக்கூடவா மறந்துட்டாரு?' என்று அம்மா இந்த எழுபத்தோரு வயதிலும் கேட்பாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளையின் பேரைக் கையில் குத்திக்கொண்டு, பட்டப்பகலில் என்ன ஒரு சுகமான தூக்கம்! நேராகப் போய் அம்மாவிடம் செல்லை நீட்டினேன்.

"பாரும்மா, ஒங்கப்பா எப்படித் தூங்குறாருன்னு."

அம்மா தன் பேரைத் தடவினாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தை விரலால் நகர்த்திக் காலுக்கு வந்தாள். நான் அவ்வளவு தூரம் பார்த்திருக்கவில்லை.

"ஏய்யா, தூங்குறவனுக்கு எவனாச்சும் பெருவெரலக் கட்டுவானா?"

இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து ஒரு துணிக்கிழிசலால் கட்டியிருந்தது. செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவோம். படம் எடுத்தவருக்குத் தெரியாது, சரி. இங்கே சுவரில் மாட்டிய புண்ணியவான்களுக்குமா தெரியவில்லை? அவர்களைச் சொல்லி என்ன, எனக்கே தெரியவில்லையே.

"போயி ரெண்டு மாசம்கூட ஆகலையேய்யா" என்றாள் அம்மா. "எங்காத்தா ஒரு பொணத்தையில்ல ஆயுசு பூராம் வைஞ்சிருக்கா. நானும் வைஞ்சேனே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"யாரோ பெத்த புள்ள குனிஞ்சு கட்டிவிட்டுருக்காக. அவுக பேரு போட்டுருக்கா பாருய்யா."

பார்த்தேன். படம் எடுத்தவர் பேர்தான் இருந்தது.