வராத மிஷினுக்கான பகுதி

ஐடா எனக்குக் கிடைக்காமல் போனதற்கு எங்கள் இரண்டு வீட்டையும் குற்றம் சொல்லத்தான் எனக்கு ஆசை. அவளுடையது பெங்களூர்க் கிறிஸ்தவக் குடும்பம். எங்களுடையது கோலார் தங்கவயல் பௌத்தக் குடும்பம். சொன்னால் ஊரும் நம்பிவிடும். ஆனால் பழி முழுக்க என்னுடையது. நானே உட்கார்ந்து எழுதிய பதினோரு வரிகளால் அவளை இழந்தேன். எழுதி முடித்த அன்று அதற்காக முனிரத்தினம் சார் வாங்கிக் கொடுத்த மசால்வடையை வேறு ருசித்துத் தின்றேன்.

தங்கவயலின் கோரமண்டல் சுரங்கத்தில் எங்கள் அறைக்கு ஊரில் வைத்த பெயர் 'கணக்கு ரூம்'. சுரங்கத்துக்குள் பாறை எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து மேலே அனுப்பும் எண்கள் அங்கே வரும். எங்களிடம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், வாசிப்பதற்குக் காகித டேப், அச்சடிக்க ஒரு டெலிடைப். முனிரத்தினம் சார் தலைமை. தம்மபாலன் என்கிற எனக்கு மிச்ச வேலை எல்லாம்.

நாங்கள் பேசிக் மொழியில் எழுதும் கணக்கை வரி வரியாகப் படித்து மிஷினுக்குப் புரிய வைக்க ஒரு துபாஷி நிரல் உண்டு. இன்டர்பிரெட்டர் என்போம். அது பெங்களூர் மிஷினுக்காக எழுதப்பட்டது. அதை எங்கள் மிஷினுக்குக் கொண்டு வரும்போது மிஷினுக்கு மிஷின் மாறுகிற சங்கதிகளை எல்லாம் ஒரே இடத்தில், நிரலின் தலையில், வைத்தோம். ஒரு சொல்லில் எத்தனை பிட், மைனஸ் எண்ணை எப்படி வைப்பது, நினைவகம் எவ்வளவு, இப்படி. அதற்கு ஹெட்டர் என்று பெயர். அரிசி ஒன்றுதான், அடுப்புக்கு அடுப்பு தீ வேறு இல்லையா, அதுபோல. ஹெட்டரில் மூன்று பகுதிகள். ஒன்று பெங்களூருக்கு, ஒன்று எங்களுக்கு, மூன்றாவது எங்களுக்கு வரப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்த புது மிஷினுக்கு.

முழு ஹெட்டரையும் பெங்களூரிலிருந்து பராமரித்து வந்தவள் ஐடா. பயிற்சிக்காக நான் பெங்களூரில் மூன்று மாதம் இருந்தபோது பழக்கம். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, என் தப்பை எல்லாம் பென்சிலால் சுழித்துவிட்டு, "நீங்க மைனஸ்ல மட்டும் எப்பவும் தடுமாறுவீங்க பாலன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு தப்பு கூடுதலாகச் செய்திருக்கிறேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு திங்கட்கிழமைதோறும் அவளுடைய டேப் ரயிலில் வரும். நான் மாற்றிய வரிகளை மட்டும் துளையிட்டு வியாழக்கிழமை அனுப்புவேன். நட்சத்திரக் குறி போட்டுத் தொடங்கும் வரியை மிஷின் பொருட்படுத்தாது, அது மனிதர்களுக்கான குறிப்பு. எங்கள் பகுதியின் கடைசியில் அவள் எனக்கு ஒரு குறிப்பு வைப்பாள், பெங்களூர்ப் பகுதியில் நான் அவளுக்கு வைப்பேன். ஆங்கில எழுத்தில் தமிழ். 'அங்கே மழையா?' 'இங்கே டீ ஆறிப்போச்சு.' அதற்கு மேல் துணிய முடியாது. எங்கள் பகுதியின் அச்சை முனிரத்தினம் சார் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் ஃபைலில் வைப்பார், மற்ற பகுதிகளின் அச்சை நான் மட்டும்தான் பார்ப்பேன். ஹெட்டருக்கு ஐடா ஒரு சட்டமும் வைத்திருந்தாள்: பழைய குறிப்பை அழிக்கக் கூடாது, கீழே தேதி போட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்பதைத்தான் தள்ளிப் போட்டேன். புது மிஷின் வரட்டும், வேலை நிரந்தரமாகட்டும், பிறகு நேரில் போய்க் கேட்கலாம் என்று. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது எனக்குத் தெரியாததா? பதினான்கு மாதம் ஆறவிட்டேன்.

எழுபத்தெட்டு ஜனவரி கடைசியில் முனிரத்தினம் சார் பொறுமை இழந்தார். டேப்பைப் படிக்கும்போதே டெலிடைப் எல்லாவற்றையும் அச்சடித்துக்கொண்டு போகும். ஐடா புது மிஷினின் மேனுவலைப் பார்த்து மூன்றாவது பகுதியை நிரப்ப நிரப்ப அது வீட்டையே காகிதத்தால் சுற்றும் அளவுக்கு நீண்டுகொண்டே போனது.

"இன்னாய்யா இது, டேப்பு ஓடி முடிக்கறதுக்குள்ள ரெண்டு காபி ஆயிப்போச்சு! வராத மிஷினுக்கு இன்னாத்துக்கு நம்ம ரிப்பன தேய்க்கணும்?"

நியாயமாகப் பட்டது. டேப்பைப் படிக்கும் லோடரில் பதினோரு வரி சேர்த்தேன். நம் மிஷினுக்கு உரிய பகுதியை மட்டும் படி, மற்றதை அச்சடிக்காமல் தாண்டு. நாற்பது நிமிஷ வேலை பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அன்றைக்குத்தான் வடை.

லோடர் எங்கள் அறைச் சமாசாரம், அதை ஐடாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, பிப்ரவரி ஆறு, டேப் வந்தது. எங்கள் பகுதியில் புதுக் குறிப்பு இல்லை. பதினான்கு மாதத்தில் முதல் தடவை. அப்போதாவது முழு டேப்பையும் ஓட்டிப் பார்த்திருக்கலாம். எனக்கு வந்தது ரோஷம். ஒரு வரி எழுத அவளுக்கு நேரமில்லையா, சரி, எனக்கும் இல்லை. வியாழக்கிழமை நானும் குறிப்பு இல்லாமலே டேப் அனுப்பினேன். அனுப்பியபோது மனசுக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் லைன், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசை, ஐந்து நிமிஷ நடை. காலை இரண்டாவது வண்டியில் பக்கத்துச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்குப் போயிருந்த என் தங்கை யசோதா மத்தியானம் திரும்பி வந்தாள்.

"ண்ணா, ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு. காலைல நான் வண்டி ஏறச்சொல்லவே ஒக்காந்துனு இருந்துச்சு. இப்ப வரச்சொல்ல பாத்தா அதே பெஞ்சுல கீது. பாவமா இருந்துச்சு, கொழாயில தண்ணி புடிச்சிக் குடுத்துட்டு வந்தேன்."

"யாராம்?"

"தெரில. யாரையோ பாக்க வந்துகீது. அவரு வருவாருன்னு சொல்லிச்சு."

"எவனோ ஏமாத்திட்டான்," என்றேன் செயினைச் சுற்றிக்கொண்டே. "அவனையெல்லாம் செருப்பால அடிக்கணும்."

அடுத்த நான்கு டேப்பிலும் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாவதை வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். போனில் விசாரித்த முனிரத்தினம் சார் போகிற போக்கில் சொன்னார். "அந்த ஐடா பொண்ணு வேலைய வுட்டுட்டுச்சாம்யா. நாக்பூர் மாப்ள. கல்யாணம் ஆயி போயிடுச்சி."

சொல்லாமல் போய்விட்டாளே என்று எனக்கு ஆத்திரம். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அந்த ஆத்திரத்தோடு திரிந்தேன். வீட்டில் பார்த்த பெண்களை எல்லாம் வேண்டாம் என்றேன். அவளை நம்பினது தப்பு என்று எனக்கு நானே சொல்லி, சொல்லி, அதை நம்பவும் தொடங்கியிருந்தேன்.

எழுபத்தொன்பது நவம்பரில் புது மிஷின் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. இன்டர்பிரெட்டரை அதற்கு மாற்ற வேண்டும். அலமாரியிலிருந்து ஐடாவின் கடைசி டேப்பை எடுத்தேன். மூன்றாவது பகுதி முழுமையாக இருந்தது அதில்தான், அவளுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. லோடரில் மிஷின் பெயரை மாற்றி ஓட்டினேன். டெலிடைப் முதல் முறையாக அந்தப் பகுதியை அச்சடிக்கத் தொடங்கியது. சொல்லுக்கு இத்தனை பிட். நினைவகம் இத்தனை. பிறகு ஒரு நட்சத்திரம். டெலிடைப் நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். அது அடிக்க அடிக்க நான் நின்றபடி படித்தேன்.

'6-2-78. பாலன், உங்க பகுதிய சார் படிப்பாரு, அதனால இங்க எழுதறேன். இது உங்க கண்ணுல மட்டும்தான் படும். அப்பா நாக்பூர் பையனுக்கு வார்த்தை குடுக்கப் போறாரு. நீங்க கேப்பீங்கன்னு இத்தனை மாசம் பாத்தேன். இப்ப நானே கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா? ஞாயித்துக்கிழமை காலை வண்டிக்கு கோரமண்டல் வரேன். ஸ்டேஷனுக்கு வாங்க. வரலைன்னா அதுதான் பதில்னு எடுத்துக்கறேன். வீடு தேடி வந்து சங்கடப்படுத்த மாட்டேன்.'

அதன் கீழே, அவளுடைய சட்டப்படி, அடுத்த தேதி.

'13-2-78. சாயங்கால வண்டி வரைக்கும் இருந்தேன். கோவம் ஒண்ணும் இல்லை.'

அதன் கீழே எண்கள், எண்கள். மறுபடி ஒரு நட்சத்திரம்.

'6-3-78. இது என் கடைசி டேப். எல்லாத்தையும் மேனுவலோட ரெண்டு தரம் ஒத்துப் பாத்துட்டேன், தைரியமா ஓட்டுங்க. மைனஸ் எண்ல நீங்க தடுமாறுவீங்க. அதை நானே எழுதி முடிச்சிட்டேன்.'

அவளுடைய ஹெட்டரில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இன்டர்பிரெட்டர் முதல் தடவையிலேயே ஓடியது. முனிரத்தினம் சார் கை தட்டினார். "மைனஸ் கணக்கு கூட கரீட்டா வருதுய்யா! இன்னா தம்மபாலா, இதுக்குப் போயி அழுவறியே!" என்று முதுகில் தட்டிவிட்டுக் காபி சொல்லப் போனார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று வீட்டுக்கு ஸ்டேஷன் வழியாக நடந்தேன். அந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் லைனின் தகரக் கூரைகள் தெரிகின்றன. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும் தூரம்.

யசோதா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசம் முன்னாடி ஸ்டேஷன்ல ஒரு பொண்ணுக்குத் தண்ணி குடுத்தியே, ஞாபகம் கீதா?"

"ஏன் இல்லாம? நீலப் பொடவ. நல்ல பொண்ணுண்ணா. தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துனு இருந்துச்சு. ஏதோ கேக்க வாயத் தொறந்துச்சு. அப்பறம் வேணாம்னு தலய ஆட்டிட்டு வுட்டுடுச்சு." முறத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஏன், அந்தாளு யாருன்னு தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"நீ அன்னிக்கே சொன்ன இல்ல, அவன செருப்பால அடிக்கணும்னு," என்றாள். "அடிச்சியா?"

நான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.