அறுபதில் தொடங்கும் ஊளை

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அந்தப் பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகுதான் தன் ஆசை என்று ஒன்றைக் கவனிக்க நேரம் கிடைத்தது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். மாமியார் கண் ஆபரேஷன் முடிந்து தானாக நடமாட ஆரம்பித்துவிட்டார். இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்து, யாரோ கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்ற க்ரூஸர் பைக் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அகலமான சீட்டு, பளபளக்கும் டேங்க், புத்தம் புதிதாய் மாட்டிய பின் டயர். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வேகம் அறுபதைத் தொட்டால் காலடியிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. எண்பதில் காதைக் குடைந்தது. பின்னால் கணவர் ஏறிவிட்டாலோ, இரண்டு மடங்கு. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தாராளமான உடம்பு.

"இதுக்கு என்னைக் கண்டாலே ஆகல போலிருக்கு" என்றார் இறங்கும்போது.

வாத்தியாரின் தம்பி சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருப்பவன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"கியர்பாக்ஸ்தான் அண்ணி. உள்ள பேரிங் போயிருக்கும். மொத்தமா இறக்கிப் பிரிக்கணும். எப்ப முடியும்னு இப்ப சொல்ல முடியாது."

வண்டியை விற்றுவிட வாத்தியாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் அந்த வண்டி மேல் கண் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கும்படி வாத்தியார் அவரிடம் சொல்லிவிட்டார். அவளும் சரி என்றாள். வாய்தான் சொன்னது, மனசு ஒட்டவில்லை.

சனிக்கிழமை மதியம் டியூட்டி முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே புறவழிச் சாலைக்குப் போனாள். ஐந்தாவது கியரில் எழுபது போனாள். ஊளை. அதே வேகத்தில் நான்காவதுக்கு இறக்கினாள். இன்ஜின் குரல் மாறியது, ஊளை இம்மியும் மாறவில்லை. அவளுக்கு மூளையில் ஏதோ பொறி தட்டியது. பல் சக்கரத்தில் கோளாறு என்றால் கியர் மாறும்போது சத்தமும் மாற வேண்டாமா? சரிவில் ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகப் பார்த்து, நியூட்ரலில் போட்டு இன்ஜினையும் அணைத்துவிட்டு உருளவிட்டாள். இன்ஜின் செத்துக் கிடந்தது. ஊளை மட்டும் கூடவே வந்தது.

ஓரமாக நிறுத்திக் கொழுந்தனுக்கு போன் போட்டாள்.

"வண்டி உருண்டா கியர்பாக்ஸ்ல சக்கரத்தைச் சுத்துற கடைசித் தண்டும் சேர்ந்துதான் சுத்தும் அண்ணி" என்றான் அவன். "அதுலேருந்தும் வரலாம்."

"அதுலேருந்துதான் வருதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றான் நேர்மையாக.

வீட்டுக்கு வந்து பைக்கை ஷெட்டில் நிறுத்தி, பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு ரப்பர் பெல்ட் போகிறது. விரலால் அமுக்கினாள். கொஞ்சம் கொடுத்தது. தப்பாகத் தெரியவில்லை.

டீ டம்ளரோடு வந்த வாத்தியார், வேறு இடம் இல்லாததால் பைக் மேலேயே உட்கார்ந்தார். அவள் விரல் இன்னும் பெல்ட்டில்தான் இருந்தது. பெல்ட் சட்டென்று இரும்புக் கம்பி மாதிரி விறைத்தது.

"எழுந்திருங்க."

"இப்பதானே உட்கார்ந்தேன்?"

"எழுந்திருங்களேன்."

எழுந்தார். பெல்ட் இளகியது. "உட்காருங்க" என்றாள். விறைத்தது. நாலு தடவை உட்கார்ந்து எழுந்ததில் டீ அவர் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் பிடிபட்டுவிட்டது. புது டயர் மாட்டிய கை, பெல்ட்டை ஆள் இல்லாத வண்டிக்குத் தகுந்த மாதிரி இறுக்கியிருக்கிறது. ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் சக்கரம் கியர்பாக்ஸை விட்டு இன்னும் விலகும். பெல்ட்டுக்கு மூச்சு முட்டும். பாரம் கூடக் கூட அலறல் கூடும்.

வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். சக்கரத்தின் பெரிய நட்டைத் தளர்த்த முழு உடம்பையும் ஸ்பேனர் மேல் போட வேண்டியிருந்தது. அப்புறம் சக்கரம் துளி முன்னே நகர, இரண்டு பக்கமும் உள்ள சின்ன போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். சக்கரம் கோணிவிடக் கூடாதே என்று வாத்தியார் இரும்பு ஸ்கேலோடு குனிந்தார்.

"இந்தப் பக்கம் ஒரு மயிரிழை அதிகம்" என்றார். திருத்தினாள். அவரை மறுபடி ஏற்றி உட்காரவைத்தாள். இந்த முறை பெல்ட் விரலுக்கு வளைந்து கொடுத்தது. நட்டை இறுக்கினாள்.

சாயங்கால வெயிலில் இருவரும் புறவழிச் சாலைக்குப் போனார்கள். ஐம்பது. அறுபது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுபது. எண்பது. இன்ஜினின் கனத்த துடிப்பும் காற்றும் தவிர வேறு ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கொழுந்தன் முதல் ஆளாக வந்து, அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நான் கியர்பாக்ஸைப் பிரிச்சு புது பேரிங் போட்டிருப்பேன் அண்ணி. திரும்ப மாட்டும்போது பெல்ட்டைச் சரியா வெச்சிருப்பேன். சத்தம் போயிருக்கும். பேரிங்தான் காரணம்னு ஆயுசு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்குள் ஹார்டுவேர் கடைக்காரர் வந்துவிட்டார். ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார், ஓட்டிப் பார்த்தார்.

"ஏதோ ஊளையிடுதுன்னுதானே குடுக்கறதா சொன்னீங்க?" என்றார் குழம்பிப்போய்.

"அந்த ஊளையை வேணா எடுத்துக்குங்க" என்றார் வாத்தியார். "வண்டி வீட்டுக்கு வேணும்."

வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வாத்தியார் துவைத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவள் ஏற்கெனவே பைக்கில் இருந்தாள்.

"எங்க போறோம்?" என்று கேட்டபடி ஏறினார்.

"பெட்ரோல் இருக்கிற வரைக்கும்" என்றாள் அவள்.