வெள்ளிக்கிழமை நகம்

படுக்கையில் கிடந்த அம்மாவின் கட்டைவிரல் நகத்தை ஹென்யா வெட்டியபோது துண்டு தெறித்து எங்கோ போனது.

"எங்க விழுந்துச்சு?" என்ற அக்கா ப்ரைன்டல், கேட்கும்போதே கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். ஐந்து மாத வயிறு இடித்தது.

வெள்ளி மாலை யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குமுன் நகம் வெட்டித் துண்டுகளை எரித்துவிட வேண்டும். ஜெருசலேமில் அந்தச் சந்து முழுக்க அப்படித்தான். வெட்டிப்போட்ட நகத்தைக் கர்ப்பிணி மிதித்தால் கரு தங்காது என்பார்கள். ப்ரைன்டலுக்கு முதல் கரு கலைந்தபோது, தங்கை ஹென்யா வெட்டிப்போட்ட நகத்தை மிதித்ததால்தான் என்று பழி அவள் மேல் விழுந்தது. ஒரு துண்டைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஹென்யா கையால் அக்கா பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

"வேணும்னே தெறிக்க விட்டியா?"

"ஆமாக்கா. குறி பார்த்துத்தான் வெட்டினேன்."

"வாய் மட்டும் நல்லா நீளுது. தேடுடி."

ஹென்யா மண்டியிட்டுக் கட்டிலடியில் தடவினாள். அங்கே பார், இங்கே பார் என்று அக்கா மேலிருந்து ஏவினாள். அறை அமைதியாகிவிட்டதை ஹென்யாதான் முதலில் கவனித்தாள். காலையிலிருந்து கேட்ட அம்மாவின் இழுப்புச் சத்தம் நின்றிருந்தது.

சாகிறவரைத் தனியே விடக் கூடாது. மகள்கள் இருவரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஒருத்தியும் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன்னாலதான்," என்றாள் ப்ரைன்டல். அழுதாள். கால்களை மட்டும் கீழே இறக்கவில்லை.

ஹென்யா சன்னலைத் திறந்தாள். அம்மாவின் கண்களை மூடி, முகத்தைத் துணியால் மறைத்தாள். தலைமாட்டுக்கு மெழுகுவத்தி ஏற்றச் சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டைக்கையை மடித்தபோது, மடிப்புக்குள்ளிருந்து நகத்துண்டு உள்ளங்கையில் விழுந்தது.

வாசற்படியில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. அக்கா அந்த வழியாகத்தான் வரவேண்டும். அக்கா மேல் அவ்வளவு வெறுப்பு இருந்தது அவளிடம். உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றாள்.

"மெழுகுவத்தி ஏத்த இவ்வளவு நேரமாடி?"

நகத்தை நெருப்பில் போட்டாள். முடி கருகுவதுபோல் நாறியது.

அவள் மெழுகுவத்தியோடு வருமுன்பே நாற்றம் அறைக்குள் வந்திருந்தது. ப்ரைன்டல் மூக்கைச் சுளித்தாள். கட்டிலோரத்துத் தட்டைப் பார்த்தாள். வெட்டிய மற்ற துண்டுகள் எல்லாம் எரிக்காமல் அதிலேயே கிடந்தன. ஹென்யா மெழுகுவத்தியைத் தலைமாட்டில் வைத்தாள்.

அக்கா ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். கொஞ்சம் பொறுத்து, மற்றொன்றையும்.